தாங்குவோரின் வரலாறு: திருகோணமலைத் துறைமுகமும் மூளையின் துணைக்கலங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியமையும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் அதில் தவறாது இடம்பெறும். சரக்கிறக்கியோரும் கப்பல் செப்பனிட்டோரும் பெயரற்றோராயினர். கப்பற் பதிவேடு கப்பலையே பதியும். பதியும் கருவியே பார்வையின் எல்லையை வகுக்கின்றது. இயற்கை விஞ்ஞானமும் இதற்கு விலக்கன்று என்பதை மூளையின் துணைக்கலங்கள் பற்றிய ஆய்வு வரலாறு காட்டுகின்றது.

நரம்புக் கலங்களுக்கிடையே காணப்பட்ட பொருளுக்கு, ஜெர்மானிய அறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ 1856இல் 'நரம்புப் பசை' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பின்வந்த ஆய்வாளர் பலர் மின்துடிப்பை அளக்கும் கருவிகளையே பெரிதும் நம்பினர். நரம்புக் கலம் துடித்தது, 'பசை' துடிக்கவில்லை. ஆதலின் அது வெறும் ஒட்டுப்பொருளாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. மூளையுழைப்பை உயர்த்தி உடலுழைப்பைத் தாழ்த்திய சமுதாயத்துக்கு இப்பாகுபாடு இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இந்நோக்கை மாற்ற உதவிய கருத்தொன்று வேறொரு துறையிலே பிறந்தது. 1962இல் இத்தாலியரான ரிட்டோசா, வெப்பமூட்டப்பட்ட பழ ஈயின் நிறமூர்த்தங்களிற் புதிய வீக்கங்களைக் கண்டார். அந்நிலையிற் சில புரதங்கள் மிகுதியாக உருவாகின்றன என்பது 1974இல் நிறுவப்பட்டது. வெப்பம், நஞ்சு முதலிய தகைப்புகளால் உருக்குலையும் பிற புரதங்கள் திரளாதவாறு இத்தகைப்புப் புரதங்கள் காக்கின்றன.

1949இல் அலெக்சாண்டர் என்னும் நோயியலறிஞர் ஒரு குழந்தையின் மூளையைக் கொண்டு விவரித்த நோய் இவ்விடத்து முக்கியமானது. இந்நோயில் விண்மீன் வடிவத் துணைக்கலங்களுள் திரளும் பொருளில், கண்வில்லையிற் காணப்படும் தகைப்புப் புரதமான அல்பா-பி கிறிஸ்டலின் உண்டென 1989இல் அறியப்பட்டது. அக்கலங்களின் சொந்த இழைப்புரதத்துக்குரிய பரம்பரையலகின் பிறழ்வே நோய்க்கு மூலம் என 2001இல் வெளிப்பட்டது. நரம்பழிவு துணைக்கலத்திலிருந்தும் தொடங்கலாம் என்பது இதனாற் புலனாயிற்று. 2009இல் வெளியான ஆய்வொன்றில், துணைக்கலங்களில் இப்புரதத்தை மிகுவித்தபோது சாகவிருந்த சுண்டெலிகள் பிழைத்தன. அல்சைமர் நோயிலும் படிவுகளைச் சூழ்ந்த துணைக்கலங்களில் இப்புரதம் மிகுகின்றது. ஆயின் அதன் ஆற்றல் வரையறைக்குட்பட்டது. சுமை மிகின் அதுவும் திரளுட் சிக்குகின்றது.

கலம் வர்க்கமன்று, உடலியலைச் சமூகவியலாக வாசிப்பது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். எனினும், எக்கருவி கொண்டு நோக்கினோம், அது யாரைக் காணத் தவறியது என்னும் வினா இரு துறைகளுக்கும் பொதுவானது. துணைக்கலத்தை விடுத்து நரம்பழிவுக்கு முழுமையான மருத்துவம் காண்பது அரிது. அவ்வாறே, முதுமையெய்திய துறைமுகத் தொழிலாளரின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டாது திருகோணமலையின் வரலாற்றை எழுதவும் இயலாது. அப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.