கிருமியின் உணவை அளந்த வரலாறு

குடிநீரில் கிருமி உண்டா இல்லையா என்று கேட்பதே நெடுநாள் வழக்கம். கிருமிக்கு வேண்டிய உணவு அந்நீரில் எவ்வளவு உண்டு என்று கேட்டு, அதனை அளக்க வழி கண்டவர்கள் நெதர்லாந்து நாட்டினர். அவ்வரலாறு ஆசிரியப் பெருமக்கள் அறியத்தக்கது.

1974ஆம் ஆண்டில் ரோட்டர்டாம் நகரின் குடிநீர்ப் பணியிலிருந்த வேதியியல் அறிஞர் ரூக் என்பார், நீரைத் தூய்மை செய்ய இடும் குளோரின், அதிலுள்ள மட்குப் பொருள்களோடு கூடிக் குளோரோபார்ம் முதலியவற்றை உண்டாக்குகிறது என்று காட்டினார். காக்க வந்த மருந்தே ஐயத்திற்கு உரியதாயிற்று. குளோரினைக் குறைத்தாலோ குழாய்களில் நுண்ணுயிர் மீண்டும் பெருகும். ஆகவே, அதன் உணவைக் குறைப்பதே வழி. ஆனால் குறைக்கும் முன் அளக்க வேண்டும் அன்றோ?

வேதியியற் சோதனை நீரிலுள்ள கரிமப்பொருள் முழுவதையும் அளந்தது. நுண்ணுயிர் எளிதில் உண்ணத்தக்க பகுதியைப் பிரித்துக் காட்டவில்லை. எனவே வான் டெர் கோயி என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் நுண்ணுயிரையே அளவுகோலாக்கி, 1982இல் அம்முறையை வெளியிட்டனர். நீரைக் கண்ணாடிக் குப்பியிலிட்டுச் சூடேற்றி, அதிலிருந்த உயிர்களை ஒடுக்குவர். ஆறியபின் ‘பி17’ என்னும் சூடோமோனாஸ் வகையைச் சிறிதளவு இட்டு, 15 பாகை செல்சியசில் வைத்து எண்ணி வருவர். பெருக்கம் உச்சத்தை எட்டி நின்றால் உணவு தீர்ந்தது என்று பொருள். பந்தியில் உண்டவர்களை எண்ணிச் சோற்றின் அளவை அறிவது போன்றதே இது.

கணக்கும் எளிது. ஒரு மைக்ரோகிராம் அசிட்டேட்டுக் கரிமம் ஏறத்தாழ 41 இலட்சம் உயிர்களை வளர்க்கும். ஒரு மில்லிலிட்டரில் 41,000 உயிர்கள் இருப்பின், லிட்டருக்கு 4 கோடியே 10 இலட்சம். வகுத்தால் 10 மைக்ரோகிராம் என்னும் விடை வரும். குளோரின் இல்லாக் குழாய்நீரில் உணவு ஏறத்தாழ இவ்வளவிற்குள் இருந்தால் பெருக்கம் அடங்கியிருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

ஓசோன் பெரிய மூலக்கூறுகளை உடைத்து இவ்வுணவைப் பெருக்கும் என்பதும் இவ்வளவையால் தெளிவாயிற்று. அதனால் ஓசோனுக்குப்பின் நுண்ணுயிர் வாழும் வடிகட்டிகளை அமைத்து, உணவை அங்கேயே தீர்க்கலாயினர். பின்லாந்து ஆய்வாளரோ, தம் நாட்டு நீரில் பற்றாக்குறை கரிமம் அன்று, பாஸ்பரசே என்று 1997இல் காட்டினர்.

வெப்பம் மிக்க நம் நாட்டில் குளோரினின் காவல் இன்னும் வேண்டுவதே. எனினும், நோய்க்கிருமியைக் கொல்வதோடு நில்லாமல் அது வளரும் காரணத்தையும் அளந்தறிந்த இக்கதையை, வகுத்தற் கணக்கோடு சேர்த்து மாணவர்க்குச் சொல்லலாம்.