பிள்ளை மார்பின் நிழற்படம்

கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டை நிறைத்திருந்த 1872ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. காசநோய்க் கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் உலகுக்கு அறிவித்தது அதற்குப் பத்தாண்டுகளின் பின்னரே. 1895இல் ரொன்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டார். நாம் எக்ஸ்ரே என வழங்கும் அக்கதிராலேயே, உடலைக் கீறாது நெஞ்சின் உட்புறத்தைப் படமெடுக்கும் வழி திறந்தது.

ஆயினும், பெரியவர் மார்பைப் படிப்பது போலப் பிள்ளையின் மார்பைப் படிக்க இயலாது. பெரியவரின் சளியிலே கிருமியைக் காணலாம். பிள்ளைக்கோ சளியை உமிழத் தெரியாது, விழுங்கிவிடும். அதிகாலையில் மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுப்பதே பன்னெடுங்காலம் மருத்துவர் கண்ட வழி. பெற்ற மனம் அதைப் பொறுப்பது அரிது. எடுத்த நீரிலும் கிருமி பல வேளை அகப்படுவதில்லை. ஆகவே படமே பெருஞ்சாட்சி ஆயிற்று. நுரையீரலின் வேர்ப்பகுதியில் நிணநீர் முடிச்சுகள் பருத்திருத்தலே பிள்ளைகளிடம் பெரும்பாலும் காணும் அடையாளம். அவை இதய நிழலின் மறைவிலே கிடத்தலால், முன்புறப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் வேண்டும். கைக்குழந்தைக்கு இயல்பாயுள்ள தைமஸ் சுரப்பியும் அவ்விடத்தே நிழல் வீழ்த்தி மயக்கும். அழுது திமிறும் பிள்ளையின் படமோ கலங்கிப்போம்.

பிரேசில் நாட்டு மருத்துவர் அப்ரூ 1936இல் சிறு படச்சுருள் முறையை வகுத்தார். மலிவான அம்முறையால் நாடுகள் பலவும் மக்களைத் திரள்திரளாகப் படமெடுத்தன. 1974இல் உலகச் சுகாதாரத் தாபனத்தின் வல்லுநர் குழு அதனைக் கைவிடுமாறு கூறிற்று. அது பெரியவரைத் தேடிய கருவி.

ஊவாவின் நிலையோ வேறு. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை அங்கேயே முடிந்தது. பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டங்கள் அதற்கும் அப்பால், மலைச்சாரல்களில். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அடுப்புப் புகையோடு ஒருவரின் இருமல் எல்லோருக்கும் உரியதாயிற்று. பிள்ளைக்கு இந்நோய் வீட்டுப் பெரியவரிடமிருந்து வருவதே பெரும்பான்மை. பாட்டிக்கு நோயெனத் தெரிந்த அன்றே பேரப்பிள்ளைகளையும் சோதித்தல் முறை. ஆனால் ஊடுகதிர் இயந்திரம் தோட்டத்து மருந்துச்சாலையில் இல்லை. பிள்ளையோடு மலையிறங்கும் தாய்க்கு அன்றைய நாட்கூலி இல்லை. பல பிள்ளைகளின் நோய் தாமதித்து வெளிப்படுவதற்கு இவ்விரண்டு இன்மைகளும் போதும்.

பிற்காலத்தில் கதிரியக்கமற்ற மீயொலிக் கருவியும் வந்தது. நுரையீரலின் காற்றை ஒலியலை ஊடுருவாதாதலின், கழுத்தடிப் பள்ளத்தின் வழியே நோக்கி முடிச்சுகளைத் தேடுகின்றனர். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். படத்தைக் கணினியே படிக்கும் முறையை உலகச் சுகாதாரத் தாபனம் 2021இல் பரிந்துரைத்தது. அதுவும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கே.

2022இல் அத்தாபனம் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென இரு புள்ளிமுறைகளை வெளியிட்டது. ஒன்று ஊடுகதிர் உள்ள இடத்துக்கு. மற்றொன்று அஃது இல்லாத இடத்துக்கு. கடுமையற்ற நோய்க்கு ஆறு மாத மருந்துக்குப் பதில் நான்கு மாதம் போதுமென்றும் கூறிற்று. இந்தியாவிலும் மூன்று ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வு அதற்கு ஆதாரம். படமில்லா இடத்துப் புள்ளிமுறையிலே மருத்துவர் தாயிடம் கேட்கவேண்டிய முக்கிய வினாக்களுள் ஒன்று இது: கடந்த ஓராண்டில், இப்பிள்ளையோடு ஒரே காம்பராவில் உறங்கியோருள் காசநோய் கண்டவர் உண்டா?