மலைநாட்டுத் தமிழர் பெயர்களில் வெண்மை

பெயரிடுதல் வெறுஞ் சடங்கென்ற அளவிலே நின்றுவிடுவதன்று. ஒரு சமுதாயம் எத்தெய்வத்தை வணங்கிற்று, எதனைப் பெரிதென மதித்தது, எவ்வூரினின்றும் பெயர்ந்து வந்தது என்பனவற்றை வரலாற்று நூல்கள் கூறாது விட்டவிடத்தும் மக்கட்பெயர்கள் கூறிவிடும். இலங்கையின் மலைநாட்டுத் தமிழரைப் பொறுத்தவரையில் இது பெரிதும் பொருந்தும். கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்க வந்த அம்மக்கள் செப்பேடோ கல்வெட்டோ விட்டுச் சென்றாரல்லர். அவர்கள் கடல் கடந்து கொணர்ந்தவற்றுள் அழியாது எஞ்சியவை பாட்டும் தெய்வமும் பெயருமே.

அப்பெயர்களுள் வெண்மையின் அடியாகப் பிறந்தவை ஒரு தொகுதி. வெள்ளையன், வெள்ளைச்சாமி, வெள்ளைக்கண்ணு, வெள்ளையம்மாள், வெள்ளைச்சி என்றாற் போல்வன ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் மூத்த தலைமுறையினரிடையே நன்கு வழங்கியவை. இவற்றைக் கேட்கும் புறத்தார் இரண்டிலொரு முடிவுக்கு வருவர். குழந்தை வெளுத்த மேனியோடு பிறந்தமையால் இட்ட பெயர் என்பர் சிலர். வெள்ளைக்காரத் துரைமாரின் கீழ் வாழ்ந்தமையால் அவர்தம் நிறத்தின்மேற் கொண்ட மதிப்பினால் எழுந்த பெயர் என்பர் வேறு சிலர். முன்னையது அரை உண்மை. பின்னையது முற்றும் பிழை.

முன்னையதை முதலில் நோக்குவோம். கன்னங்கரிய மேனியுடைய வெள்ளையன்மார் மலைநாட்டிற் பலர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் கறுப்பனும் மற்றவன் வெள்ளையனுமாய் இருத்தல் தமிழ்க் குடும்பங்களிற் புதுமையன்று. கறுப்பன் என்ற பெயர் பிள்ளையின் நிறம் பற்றியதன்று; எல்லையிற் காவல் நிற்கும் கறுப்பண்ணசாமியின் பெயர் அது. அவ்வாறே வெள்ளையம்மாளும் தெய்வத்தின் பெயரே. மதுரைவீரனின் தேவியர் இருவர். ஒருத்தி பொம்மி, மற்றவள் வெள்ளையம்மாள். மதுரைவீரன் வழிபாடு திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து வந்த மக்களோடு மலைநாட்டுக்கும் வந்தது. மாரியம்மனுக்குக் கோயில் எழுந்த தோட்டங்களிலே, மரத்தடியிலோ கல்லடியிலோ அவ்வீரனுக்கும் ஓரிடம் அமைந்தது. அவன் சந்நிதியில் நேர்ந்துகொண்டு பெற்ற பெண்ணுக்கு வெள்ளையம்மாள் என்று பெயர் வைப்போர் குழந்தையின் மேனியை ஒளியிற் பிடித்துப் பார்த்து முடிவு செய்ததில்லை.

இனி, துரைமாரால் வந்த பெயர் என்பாரின் கூற்று. இக்கூற்றுக்கு விடை காலக்கணக்கிலேயே உண்டு. குறுந்தொகையிற் பாடியோருள் வெண்பூதியார் என்றொருவர் உளர். பண்டைத் தமிழர் வணங்கிய தெய்வங்களுள் ஒருவனாகிய பலராமன், வாலியோன் எனப்பட்டான்; வால் என்பது வெண்மை. ஆயினும் வெண்மையாற் குழந்தைக்குப் பெயர் அமைந்த வரலாறு தெளிவாகத் துலங்குவது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயாம். சைவ உலகம் நன்கறிந்த வரலாறு அது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தபோது திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அதன்படி தம்பதியர் திருவெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டுப் பெற்ற மகவுக்கு அத்தலத்து இறைவன் பெயரையே இட்டனர். வெண்காடு வடமொழியிற் சுவேதவனம். குழந்தை சுவேதவனப் பெருமாள் ஆயிற்று. அக்குழந்தையே பின்னர்ப் பரஞ்சோதி முனிவரால் மெய்கண்டார் என்று பெயர் பெற்றுச் சிவஞானபோதம் அருளியது. குருவாய் வழிகாட்டிய சகலாகம பண்டிதரே பிற்காலத்தில் அப்பிள்ளைக்கு மாணாக்கராகி அருணந்தி சிவாசாரியர் ஆனார் என்பது இவ்வரலாற்றின் மற்றோரழகு. துறவிகளுட் பெயர்போன பட்டினத்தாரின் பிள்ளைத் திருநாமமும் திருவெண்காடர் என்பதே.

இவை சான்றோர் குடிப் பெயர்கள் என்று ஒதுக்குவாருக்குப் போர்க்களப் பெயர்களும் உள. 1799ஆம் ஆண்டு பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் தளபதியாய் நின்று கும்பனிப் படையோடு பொருதவன் வெள்ளையத்தேவன். சிவகங்கையிற் பெரிய மருது என்று வழங்கப்படுபவரின் மறுபெயர் வெள்ளை மருது. 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தம்பியோடு தூக்கிலிடப்பட்டார். அதே சீமையின் அரசி வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சி. வெள்ளையரை எதிர்த்து நின்றோரே வெள்ளையெனப் பெயர் தாங்கியிருந்தனர். அவர்கட்கோ அவர்தம் பெற்றோர்க்கோ இதில் முரண் எதுவும் தோன்றியிராது. செட்டிநாட்டு நகரத்தாரிடையேயும் வெள்ளையன் என்ற பெயர் பெருவழக்கினது. மருதிருவர் மாண்டு கால் நூற்றாண்டு கழியுமுன்னே கம்பளைப் பகுதியிற் கோப்பி பயிரிடல் தொடங்கிற்று. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தபோது இப்பெயர்களும் உடன்வந்தன.

வந்தேறிய மலையிலும் இப்பெயர்கட்கு உறவு இருந்தது. கண்டிச் சிங்களவரிடையே சுது பண்டா, சுது மெனிக்கே என்பன பழம்பெயர்கள். சுது என்றால் வெண்மை. பாலின் பெயரால் கிரி பண்டாவும், முத்தின் பெயரால் முத்து மெனிக்கேயும் உண்டு. தமிழரிடை முத்து எத்துணைப் பெருகிய பெயர் என்பதைச் சொல்ல வேண்டா: முத்தையா, முத்தம்மாள், முத்துசாமி, முத்துலெட்சுமி. சிங்களத்திலும் வெள்ளைக்காரனைச் சுட்டும் சொல் இதே சுது அடியாகவே பிறந்தது. அண்டை அயலார் இருவரும் தத்தம் பிள்ளைக்கு வைத்திருந்த பெயர்ச்சொல்லையே பின்னர் வந்தவனுக்கும் சூட்டினர் என்க.

வந்தவனும் இவ்வழக்கிற்கு வேறானவனல்லன். மலைநாட்டுத் துரைமாருட் பலர் ஸ்கொட்லாந்தினர். ஹட்டன் என்பதே அந்நாட்டின் அபடீன் பகுதிச் சிற்றூர் ஒன்றின் பெயர். அவர்தம் பழம்பெரும் கேலிக் மொழியில் வெண்மைக்குரிய சொல் பியன் என்பது. அதனடியாகத் தோன்றியதே தேயிலை வாணிகத்திற் பெயர்பெற்ற கிளாஸ்கோவின் ஜேம்ஸ் பின்லே கம்பனியாரின் குடிப்பெயர். அதற்கு வெள்ளை வீரன் என்பது பொருளாம். வெள்ளையத்தேவனுக்கு இதனைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்புக் கிடைப்பதரிது.

நிறம் வெளிப்படத் தோன்றாத பெயர்களும் உள. மலைநாட்டின் முப்பெருங் கூத்துக்களாகிய காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றுள் இறுதியதன் தலைவனாகிய அருச்சுனன் பெயருக்கே வெண்மை என்பது பொருள். கௌரி என்பதும் வெண்ணிறத்தாள் எனப் பொருள்படும். இவற்றை இடுவோர் நிறத்தை நினைத்திலர். கூத்தின் நாயகனையும் அம்பிகையையும் நினைத்தனர். இதற்கு மறுதலையும் உண்டு. வெள்ளாளர் என்ற சொல் வெண்மையோடு தொடர்பற்றது. வெண்மை என்பதற்கே அறியாமை என்ற பொருளும் உண்டென்பது திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரம் படித்தார்க்குத் தெரியும். எனவே எழுத்தொப்புமை கண்டவுடன் பெயர்க்குப் பொருள் கூறல் ஆகாது. இன்னொன்று. மல்லிகையும் முல்லையும் பெண்மக்கட் பெயராயின. மலைச்சரிவு முழுவதும் நின்ற தேயிலையின் வெண்ணிறப் பூ எவர் பெயரும் ஆகவில்லை. கொழுந்து கிள்ளும் தோட்டத்திற் பூக்கும் செடி விரும்பப்படுவதன்று. கவ்வாத்தும் கிள்ளலும் அதனைப் பூக்க விடுவதுமில்லை.

இதுகாறும் கூறியவை பெயரின் பிறப்பு. தோட்டத்தில் அப்பெயர் பட்டபாடு வேறு கதை. மலைநாட்டு வழக்கில் பேர் பதிதல் என்பதற்கு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுதல் என்பது பொருள். பெயர் செக்ரோலில் ஏறினாலன்றிப் பிரட்டுக் களத்தில் நிற்கவோ கூலி பெறவோ இயலாது. தோட்டத்துப் பிறப்பு இறப்புக்களை அறிவிக்கும் பொறுப்பும் துரையினிடமே இருந்தது. ஏடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஆங்கில நெடுங்கணக்கில் லகர ளகர வேறுபாடில்லை. எகர ஏகார வேறுபாடுமில்லை. வெள்ளையன் என்று வாயாற் சொன்ன பெயர் எழுதுவோன் கைப்பட்டு, திரும்ப வாசிக்குங்கால் வேலையனாகவும் வேலனாகவும் ஒலித்தற்கு இடமிருந்தது. அன்று அதனாற் பெருங்கேடில்லை. ஆளைக் கங்காணி அறிவார். கங்காணியைக் கணக்கப்பிள்ளை அறிவார்.

கேடு பின்னர் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழிப் பிரசையாதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. கோப்பிக்காலத்து லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? பெயர்வழக்கு இவ்விடத்திற் புதுச்சிக்கலைத் தந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆகலின் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. ஒரு வெள்ளையனின் மகன் கறுப்பன் எனின், கறுப்பனின் மூத்த மகன் மீண்டும் வெள்ளையன் ஆவான். தலைமுறை விட்டுத் தலைமுறை அதே இரு பெயர்கள் மாறி மாறி வரும். குலத்தின் தொடர்ச்சியைக் காட்ட முன்னோர் கண்ட முறை, ஏட்டிலே பாட்டனும் பேரனும் யாவர் என்று மயங்க வைத்தது. இன்னும் ஒன்று: மாமனாரின் பெயரை மருமகள் நாவால் உச்சரித்தல் மரபன்று. ஆதலின் வெள்ளையன் என்று பெயரிட்ட பிள்ளையைத் தாய் ராசு என்றோ சின்னையா என்றோ அழைப்பாள். அப்பெயரே ஊரில் நிலைத்துவிடும். ஒரே ஆள் பிறப்புப் பதிவில் ஒருவனாகவும் செக்ரோலில் மற்றொருவனாகவும் தோன்றுவான்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பஞ் செய்வோர்க்கு வழி திறப்பதாகச் சொல்லப்பட்டது. மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையைச் சான்று காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சான்று என்பது அதே செக்ரோலும் அதே பதிவேடுகளுமே. 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளோடு காலவெல்லை முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், ஏறக்குறைய 8,25,000 பேருக்காக வந்திருந்தன. இறுதியில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுக்கப்பட்டமைக்குப் பெயர் மாறுபாடு ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். அரசியல் நோக்கமே முதற்காரணம். ஆயினும் மறுக்க விரும்பியவர் கைக்கு ஓர் எழுத்தின் பிழையும் கருவியாதல் கூடும் என்பதை இச்சட்டத்தின் அமைப்பே காட்டும்.

இக்காலத்திலேதான் மலைநாட்டு அரசியலில் வெள்ளையன் என்ற பெயர் ஓங்கிற்று. தொழிற்சங்கத் தலைவர் வி. கே. வெள்ளையன் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸில் பணியாற்றிப் பின் அதனின்றும் விலகி, 1965ஆம் ஆண்டு தொழிலாளர் தேசிய சங்கத்தை ஹட்டனை மையமாகக் கொண்டு நிறுவினார். மலைநாட்டு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அச்சங்கத்தில் அவரோடு நின்றவர். 1942இல் இந்தியாவில் எழுந்த விடுதலை முழக்கத்தைத் தமிழர் வெள்ளையனே வெளியேறு என்று மொழிபெயர்த்து வழங்கினர். மலைநாட்டிலோ வெள்ளையன் என்பவர் தோட்டத்துரைக்கு எதிரே தொழிலாளர் பக்கம் நின்று பேசுபவர். லயத்துக் கிழவிக்கு இவ்விரு வெள்ளையரிடையே மயக்கம் எதுவும் ஏற்பட்டதில்லை. முன்னது சாதிப்பெயர் போன்ற பொதுப்பெயர், பின்னது பாட்டனிடமிருந்து வந்த இயற்பெயர் என்பதை இலக்கணம் பயிலாமலே அவள் அறிவாள். அத்தலைவர் 1971ஆம் ஆண்டு மறைந்தார்.

அதற்கு முன்னரே, 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டிருந்தது. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடல் கடந்து வந்த பெயர்கள் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளிற் குடியேறின. இங்கே நாடற்றோராய் எஞ்சியவர்கட்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதன்கீழ் அடங்குவர்.

இன்று மலைநாட்டுத் தொட்டில்களில் வெள்ளையம்மாள் அருகிவிட்டாள். பாடசாலையிலே நகைப்புக்கிடமாகும் பெயர் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் வெண்மை போய்விடவில்லை. வெண்ணிலா, வெண்மதி, வெண்பா என்று தனித்தமிழ் நாடுவோரும், சுவேதா என்று வடமொழி நாடுவோரும் உளர். வெண்பாவின் வெண்மை நிறம் பற்றியதா என்பதை யாப்பிலக்கணம் வல்லார் தீர்த்துக்கொள்க. சுவேதா என்பது திரைப்படங்களால் வந்த புதுப்பெயர் என்று முதியோர் முணுமுணுப்பர். அச்சுத களப்பாளர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வெண்காட்டைச் சுவேதவனமாக்கிப் பிள்ளைக்குச் சூட்டியதும் இதே சொல்லே. பாட்டன் வெள்ளையனாகவும் பேர்த்தி சுவேதாவாகவும் உள்ள இல்லங்களிற் பெயரன் முறை பெற்றோர் அறியாமலே மொழி மாறி நடைபெறுகின்றது.