மண்மேடாகிப் போன ஓர் அரசியின் பிரமிடு

பிரமிடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கீசாவில் இருக்கும் மூன்று பெரிய பிரமிடுகள்தான். ஆனால் பண்டைய எகிப்தில் அரசர்களுக்கு மட்டுமல்ல, அரசிகளுக்கும் பிரமிடுகள் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்று வெறும் கற்குவியல்கள். அப்படி ஒரு குவியலுக்குள் இருந்து வெளிவந்தவர்தான் அரசி இரண்டாம் கென்ட்காவஸ்.

கீசாவுக்கும் சக்காராவுக்கும் இடையில் உள்ள இடம் அபுசீர். ஐந்தாம் வம்சத்து அரசர்கள் சிலரின் பிரமிடுகள் இங்கே உள்ளன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஆய்வாளர் லுட்விக் போர்ஹார்ட் இங்கு அகழாய்வு செய்தார். அரசர் நெஃபெரிர்காரேயின் பிரமிடுக்குத் தெற்கே இருந்த ஒரு மேட்டையும் அவர் பார்த்தார். ஆனால் அதை 'மஸ்தபா' எனப்படும் தட்டையான கல்லறை என்று நினைத்து விட்டுவிட்டார்!

சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, 1970-களில், மிரோஸ்லாவ் வெர்னர் தலைமையில் செக் நாட்டுக் குழு அந்த மேட்டைத் தோண்டியது. அது மஸ்தபா அல்ல, சுமார் 25 மீட்டர் அடிப்பக்கமும் 17 மீட்டர் உயரமும் கொண்டிருந்த ஒரு பிரமிடு என்று தெரிய வந்தது. இன்று எஞ்சியிருப்பது சில மீட்டர் உயரம்தான்.

ஏன் இப்படி இடிந்தது? பிரமிடின் உட்பகுதி சிறு கற்களையும் களிமண் சாந்தையும் கொண்டு கட்டப்பட்டது. வெளியே போர்த்தியிருந்த தரமான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பிற்காலத்தவர் பெயர்த்துக் கொண்டு போனார்கள். போர்வை போனதும் உள்ளே இருந்தது சரிந்துவிட்டது.

கல்லறை அறைக்குள் திருடர்கள் எப்போதோ புகுந்துவிட்டார்கள். கிடைத்தவை சிவப்பு கிரானைட் சவப்பேழையின் துண்டுகள், மம்மியைச் சுற்றிய துணியின் கிழிசல்கள், உடைந்த கற்பாத்திரங்கள். தங்கம் இல்லை, நகை இல்லை. ஆனால் வரலாற்றுக்குத் தங்கத்தை விட எழுத்துதான் முக்கியம் அல்லவா?

அந்த எழுத்து கற்களிலேயே இருந்தது. கட்டடத் தொழிலாளர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் கென்ட்காவஸ் முதலில் 'அரசரின் மனைவி'. பிறகு 'அரசரின் தாய்'. அதாவது கணவர் நெஃபெரிர்காரே காலத்தில் தொடங்கிய வேலை இடையில் நின்று போய், மகன் நியுசெர்ரே காலத்தில் முடிந்திருக்கிறது.

இன்னொரு பட்டம்தான் அறிஞர்களை இன்று வரை வாதிட வைக்கிறது. அதை 'மேல், கீழ் எகிப்தின் இரு அரசர்களின் தாய்' என்றும் படிக்கலாம். 'மேல், கீழ் எகிப்தின் அரசர், அரசரின் தாய்' என்றும் படிக்கலாம். முதல் பொருளுக்குச் சான்று உண்டு. அவருடைய மகன்கள் நெஃபெரெஃப்ரே, நியுசெர்ரே இருவருமே அரசர்கள் ஆனார்கள். இரண்டாவது பொருள் சரியென்றால் அவரே ஆட்சி செய்திருக்க வேண்டும். அவருடைய கோயில் தூண் ஒன்றில் அவர் நெற்றியில் நாகச் சின்னத்துடன் காட்சி தருகிறார். அந்தக் காலத்தில் அது அரசர்களுக்கும் தெய்வங்களுக்கும் மட்டுமே உரியது.

கீசாவில் பெரிய கல்லறை கொண்ட இன்னொரு கென்ட்காவஸுக்கும் இதே பட்டம் உண்டு என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

அவர் நாட்டை ஆண்டாரா, ஆண்டவர்களைப் பெற்றாரா? விடை எதுவானாலும், அந்த மேட்டை மறுபடி தோண்டாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இவ்வளவு வலுவாக எழுந்திருக்காது.