தூரம் போக எந்த வண்டி: ஸ்பிளெண்டரா, எக்ஸ்பல்ஸா?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் திருப்பூர் பைக் ஷோரூம்களில் கூட்டம் நிற்கும். கம்பெனிகளுக்கு லீவு விட்டால் ஊரே காலியாகும். காசும் நாளும் ஒருசேரக் கிடைப்பது பனியன் ஊரில் அரிது. கன்னியாகுமரி, கோவா, கொஞ்சம் துணிந்தால் லடாக் என்று பேச்சு ஓடும்போதுதான் ‘என்ன வண்டி எடுக்கலாம்’ என்ற கேள்வி வருகிறது. பெரிய வண்டிக்குத் தவணை கட்ட மனமில்லாதவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: ஸ்பிளெண்டர் பிளஸ், எக்ஸ்பல்ஸ் 200. இரண்டும் ஹீரோ கம்பெனி வண்டிகள்தான், ஆனால் விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

‘ஸ்பிளெண்டரில் லடாக்கா?’ என்று சிரிப்பவர்களுக்கு அதன் வம்சம் தெரியாது. 1958-இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப், 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. அந்தக் குடும்பத்து வண்டிகளில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் உண்டு. அதே குடும்பத்தின் படுக்கை வாட்டத்து எஞ்சின்தான் 1980-களில் ஹீரோ ஹோண்டா சிடி 100-இல் வந்தது. 1994-இல் ஸ்பிளெண்டருக்குள் ஏறியது. 97.2 சிசி, சுமார் 8 குதிரைத்திறன், நாலு கியர், 112 கிலோ. எக்ஸ்பல்ஸ் 2019-இல் பிறந்த பிள்ளை. 199.6 சிசி, 2021-இல் வந்த நாலு வால்வு எஞ்சினில் 19 குதிரைத்திறன். எடை 158 கிலோ. முன்சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து வயிற்றுக்கு 220 மில்லிமீட்டர். கல்லிலும் பள்ளத்திலும் போகவென்றே செய்த வண்டி.

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் குதிரைத்திறனைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது சுமையை.

சுமையைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிட்டிங்கிலிருந்து வரும் துணி ரோலும், கட்டிங் பீஸ் மூட்டையும் சந்து சந்தாகப் போவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். அதன் எஞ்சினுக்கு ஸ்பிளெண்டரில் பாதித் திறன்தான். ஆனாலும் அது நாலைந்து ரோலோடு போகிறது என்றால் காரணம் எஞ்சின் இல்லை, சுமை உட்காரும் இடம். கால் வைக்கும் பலகையில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரைக்குப் பக்கத்தில் பாரம் இருக்கிறது. தூரம் போகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். டென்ட், துணிமணி, டூல்ஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்து அச்சையும் தாண்டிக் கட்டுகிறார்கள். முன்சக்கரம் லேசாகிவிடும், 112 கிலோ வண்டியில் அது உடனே தெரியும். ஸ்பிளெண்டரில் போவதென்றால் டேங்க் மேல் ஒரு பை, சீட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கும் பை, பின்னால் லேசான சாமான் மட்டும். தார்ப்பாய் தைக்கிற கடையில் அளவு சொல்லித் தைத்துக்கொண்டால் போதும். பிராண்டு பைக்குப் பாதி போனஸைக் கொடுக்க வேண்டாம்.

எக்ஸ்பல்ஸில் பின்னால் கட்டுவதற்குப் பலகை கம்பெனியிலிருந்தே வருகிறது. எடையும் கூட என்பதால் பாரத்துக்கு அவ்வளவு ஆடாது. ஆனால் அதன் சைலன்சர் தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறியிருக்கிறது. பக்கப் பை அதில் உரசினால் உருகிவிடும். தாங்குகம்பி போடாமல் அந்தப் பக்கம் எதையும் தொங்கவிடக்கூடாது. (உள்ளே போட்டுக்கொள்ள வெளியூரில் போய் ரைடிங் டி-ஷர்ட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் நிட் துணி காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சமாகக் கிடைக்கிறது. நம் ஊர்ப் பருத்தி பனியன் வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ளும், மழைப் பயணத்துக்கு ஆகாது.)

அடுத்தது காற்று. பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தச் சாலையின் குறுக்கே அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, ஸ்பிளெண்டர் அரை அடி தள்ளிப் போகும். லாரி ஒன்று கடக்கும்போது காற்று நின்று, கடந்ததும் மறுபடி அறையும். அந்த நொடியில்தான் தடுமாற்றம். எக்ஸ்பல்ஸ் கனமானதுதான், ஆனால் உயரமும் கூட. இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம், வேகத்தை ஐம்பதுக்குக் கீழே இறக்குவது.

நாலுவழிச் சாலையில் வித்தியாசம் தெரியும். தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி 430 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஸ்பிளெண்டரின் 9.8 லிட்டர் டேங்க்கை நிரப்பி, லிட்டருக்கு 60 என்று ஓட்டினால் வழியில் பங்க்கைத் தேட வேண்டாம். எக்ஸ்பல்ஸின் 13 லிட்டரும் அதே தூரம் போகும், பெட்ரோல் காசுதான் அதிகம். ஆனால் ஸ்பிளெண்டர் நிம்மதியாக ஓடுவது 55, 60 வரை. அதற்கு மேல் கைப்பிடியில் உதறல். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நீங்கள் ஒரு தடை. எக்ஸ்பல்ஸ் 80-இல் அலுக்காமல் போகும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள எக்ஸ்பல்ஸ்தான் தைரியம் தரும். டிரம் பிரேக் ஸ்பிளெண்டரில் இரண்டாம் கியரிலேயே இறங்கிப் பழக வேண்டும். பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடி விட்டுப்போகும்.

ரிப்பேர் என்று வந்தால் ஸ்பிளெண்டருக்குத்தான் ஜெயம் என்பார்கள். பாதிதான் உண்மை. கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்பிளெண்டரை ஒடிசாவின் ஒரு முக்குக் கடையிலும் கழற்றி மாட்டுவார்கள். 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு ஸ்பிளெண்டரிலும் பெட்ரோல் இன்ஜெக்ஷன்தான். சென்சார் போனால் ஊர் மெக்கானிக் கையை விரிப்பார், இரண்டு வண்டிக்கும் அதே கதி. ஆனால் கேபிள், செயின் செட், கிளட்ச் பிளேட் என்று அன்றாடம் தேய்கிறவை ஸ்பிளெண்டருக்கு எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும். 18 அங்குல டியூப் இல்லாத பஞ்சர் கடை இல்லை. எக்ஸ்பல்ஸின் 21 அங்குல டியூபைக் கேட்டால் கடைக்காரர் சக்கரத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; அவசரத்துக்கு அதையே மடித்துப் பின்சக்கரத்திலும் போடலாம்.

உயரத்துக்குப் போனால் கணக்கு வேறு. லடாக்கின் கர்துங் லா கணவாய் கடல்மட்டத்துக்கு 5,359 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். எஞ்சினின் பலமும் கிட்டத்தட்டப் பாதியாகும். ஸ்பிளெண்டரின் எட்டில் பாதி நாலு, அதாவது எக்ஸ்எல்லின் பலம். தனியாள், குறைந்த பாரம் என்றால் முதல் கியரில் முக்கி ஏறிவிடலாம். பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஏறுவது ஆகாது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அங்கே மூச்சும் முட்டும், பெட்ரோல் கூடிக் கரும்புகை கக்கும். மணாலி வழியில் பனி உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகளில் ஸ்பிளெண்டரின் 165 மில்லிமீட்டர் தரை இடைவெளி போதாது, கல் அடிவயிற்றில் இடிக்கும். இங்கே எக்ஸ்பல்ஸுக்குக் கொடுத்த காசு வசூலாகிறது. ஐந்தடி நாலு அங்குல ஆளுக்கு 825 மில்லிமீட்டர் சீட்டில் ஒரு கால்தான் ஊன்றும் என்பது மட்டும் சங்கடம். ஓடையின் நடுவில் வண்டி சாய்ந்தால் 158 கிலோவை ஒற்றை ஆளாக நிமிர்த்த வேண்டும். ஸ்பிளெண்டரில் 785. இரண்டு காலும் தரையில்.

ஆகவே விந்தியத்துக்குத் தெற்கே, தார்ச்சாலையில், தனியாக என்றால் நான் ஸ்பிளெண்டரைத்தான் சொல்வேன். மிச்சமாகும் காசில் பல பயணம் போகலாம். இருவர் போவதாக இருந்தாலும், சாலை முடிகிற இடத்துக்கு மேல் போவதாக இருந்தாலும் எக்ஸ்பல்ஸ். லடாக் மட்டும்தான் ஆசை என்பவர்கள் வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பிவிடலாம். பெட்ரோலை வடித்து, கோணி சுற்றிக் கொடுக்க வேண்டும். போக மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலை மிச்சம்.

நாட்டு எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு ஒன்று. நேபாளத்துக்கு எல்லையில் பன்சார் என்கிற சுங்க அனுமதியை நாள் கணக்கில் காசு கட்டி எடுத்தால் போதும். ஈரான் மாதிரி தூர நாடுகளுக்குக் கார்னே என்ற ஆவணம் வேண்டும். அதற்கு வைக்கும் பிணை வண்டியின் மதிப்பை ஒட்டியது. பத்து வருடத்து ஸ்பிளெண்டரின் மதிப்பு என்ன இருந்துவிடப் போகிறது?