பிரம்ம வித்தைக்கு உரியவர் யார்? ஏர்பேடு எழுப்பிய வழக்கு

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் அதை ஒட்டிய சமஸ்தானங்களிலும் சாதிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது, கோயில் வாசலும் கோயிலைச் சுற்றிய தெருக்களும் பொதுக்கிணறுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில் நடந்த மற்றொரு வழக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை; பிரணவமாகிய ஓங்காரத்தை ஓதவும் உபநிடதம் கற்கவும் துறவு பூணவும் தகுதி உடையவர் யார் என்பதே அது. சாஸ்திரங்கள் இத்தகுதியை 'அதிகாரம்' என்று குறிக்கின்றன. அது பிறப்பினால் வருவதன்று, வேட்கையாலும் ஒழுக்கத்தாலும் வருவது என்று வாதிட்டதோடு நில்லாமல், அந்த வாதத்தை ஒரு பள்ளியாகவும் மடமாகவும் நிறுத்திக் காட்டிய இடங்களுள் ஒன்று, ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே அமைந்த ஏர்பேடு. அன்று சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது.

ஏர்பேட்டில் 1926-இல் வியாசாசிரமத்தை நிறுவிய அசங்கானந்தகிரியைத் தெலுங்கு மக்கள் அறிந்தது மலையாள சுவாமி என்ற பெயரால்தான். குருவாயூர்ப் பக்கத்து ஏங்ஙண்டியூரில் 1885-இல் பிறந்த அவருக்கு இளமைப் பெயர் வேலப்பன். ஈழவர் என்றும் தீயர் என்றும் வழங்கப்பட்ட அவருடைய சமூகத்தினர் அன்றைய கேரளத்தில் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாதவர்கள். உயர்சாதியினரிடமிருந்து குறிப்பிட்ட தொலைவு விலகி நிற்க வேண்டியவர்கள். அச்சமூகத்தில் பிறந்த இளைஞர் வடமொழியும் வேதாந்தமும் கற்றுத் துறவியாக முடிந்ததற்குக் காரணம், அவர் பெருங்கோட்டுக்கரையில் சிவலிங்க சுவாமிகளை அடைந்ததே. சிவலிங்க சுவாமிகளோ நாராயண குருவின் தொடக்ககாலத் துறவுச் சீடர். அருவிப்புறத்தில் 1888-இல் தம் கையாலேயே சிவலிங்கத்தை நிறுவி, பிரதிஷ்டை செய்யும் உரிமை பிராமணர்க்கு மட்டும் உரியதன்று என்று காட்டிய நாராயண குரு, பின்னர் ஆலுவாவில் அத்வைத ஆசிரமமும் வடமொழிப் பள்ளியும் ஏற்படுத்தினார். ஏர்பேட்டின் வேர் அந்தக் கேரள மண்ணில்தான் இருக்கிறது. ஆந்திரச் சமயச் சீர்திருத்தத்தைப் பிரம்ம சமாஜத்தின் வழியாகவும் தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கத்தின் வழியாகவுமே எழுதிச் செல்வோர் தெற்கிலிருந்து வந்த இந்தக் கிளையைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

பல தலங்களுக்கு யாத்திரை செய்து திருமலையை அடைந்த மலையாள சுவாமி, அங்குள்ள கோகர்ப்பம் என்னும் இடத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தவம் செய்ததாக ஆசிரம மரபு கூறுகிறது. சூத்திரன் தவம் செய்வதே குற்றம் என்று இராமாயணத்தின் உத்தரகாண்டம் சம்பூகனின் தலையை வீழ்த்துகிறது. அக்கதையை எடுத்துத் திரிபுரனேனி இராமசாமி சௌத்ரி 'சம்பூக வதை' என்ற தெலுங்கு நாடகத்தை வெளியிட்டது 1920-இல், அதாவது மலையாள சுவாமியின் திருமலை வாழ்வுக் காலத்தில். இருவரும் எதிர்த்தது ஒரே தடையை. ஒருவர் புராணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார், மற்றவர் சாஸ்திரத்தையே தமக்குச் சாட்சியாக அழைத்தார்.

அந்தத் தடையின் தத்துவ வடிவம் வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் இருக்கிறது. அபசூத்திராதிகரணம் என்று உரைகாரர்கள் பெயரிட்ட அப்பகுதி, சாந்தோக்கிய உபநிடதத்தில் ரைக்குவர் என்னும் ஞானி ஜானசுருதி மன்னனைச் 'சூத்திரனே' என்று விளித்துவிட்டுப் பின்பு வித்தையைப் போதித்தது எப்படி என்ற சிக்கலோடு தொடங்குகிறது. அச்சொல் சாதியைக் குறிக்கவில்லை, மன்னன் உற்ற துயரத்தைக் குறிக்கிறது என்று விடை கூறி, உபநயனம் இல்லாதவனுக்கு வேதக் கல்வி இல்லை, ஆகவே வேதவழி ஞானமும் இல்லை என்ற முடிவுக்கு அது வருகிறது. அனைத்தும் ஒரே பிரம்மம் என்று நிறுவிய சங்கரரும் தம் உரையில் இம்முடிவை ஏற்கிறார். மகாபாரதத்தில் சூத்திரராகச் சொல்லப்படும் விதுரரும் தர்மவியாதனும் ஞானம் பெற்றது முற்பிறவிப் பயனால் என்றும், இதிகாச புராணங்களைக் கேட்கும் வழி எல்லா வருணத்தாருக்கும் திறந்தே இருக்கிறது என்றும் அவர் சமாதானம் சொல்கிறார். ஒருமையைப் போதிக்கும் நூலின் வாயிலில் பிறப்பைக் கேட்டு நிறுத்தும் இந்த ஏற்பாடு அத்வைதத்தின் மிக வலுவற்ற இடம்; மலையாள சுவாமி கை வைத்தது சரியாக அங்கேதான்.

பக்தி மரபு இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. ஏர்பேட்டிலிருந்து எட்டும் தொலைவில் உள்ள காளத்தியில் வேடர் குலத்துக் கண்ணப்பர் இறைவனுக்குக் கண்ணை அளித்து நாயன்மாரானார். அவரை வணங்காத சைவர் இல்லை. ஆனால் அன்புக்குக் கிடைத்த அந்த இடம் கல்விக்குக் கிடைக்கவில்லை. கண்ணப்பரின் குலத்தில் பிறந்தவர் ஒருவர் வேதபாடசாலையில் வந்து அமர்வதைக் காளத்தியின் பெருமை எளிதாக்கிவிடவில்லை.

வறட்டு வேதாந்த இருளை நீக்கும் கதிரவன் என்று பொருள்படும் 'சுஷ்க வேதாந்த தமோபாஸ்கரம்' என்ற தெலுங்கு நூலில், வாயளவில் அத்வைதம் பேசிக்கொண்டு நடத்தையைக் கைவிட்ட வேதாந்திகளை மலையாள சுவாமி கடுமையாகக் கண்டித்தார். ஓங்காரத்துக்கும் பிரம்ம வித்தைக்கும் பெண்கள், சூத்திரர் உள்ளிட்ட எல்லோரும் உரியவர் என்பது அவருடைய நிலைப்பாடு. ஆசிரமத்தின் கொள்கையை 'யதார்த்த பாரதி' என்ற இதழும், ஊர் ஊராகக் கூட்டப்பட்ட சனாதன வேதாந்த ஞான சபைகளும் பரப்பின. பழமையைக் காப்போர் மட்டுமே தமக்கு உரியதாகக் கொண்டாடிய 'சனாதனம்' என்ற பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விலக்குதான் பிற்காலத்தது, திறப்பே பழையது என்பது இத்தரப்பின் வழக்கு. தந்தை பெயர் தெரியாத சத்தியகாமனைக் கௌதமர் சீடனாக ஏற்றதும், யாக்ஞவல்கியரோடு கார்க்கி அவையில் வாதிட்டதும், மைத்திரேயி செல்வத்தை விடுத்து ஞானம் வேண்டியதும் உபநிடதங்களிலேயே உள்ளவை. ஆசிரமத்துக்குப் பெயர் தந்த வியாசரோ மீனவப் பெண்ணின் மகன்; பிரம்ம சூத்திரத்தை இயற்றியவரும் அவரே என்று மரபு கொள்வதால், வழக்கின் இரு பக்கத்து ஆவணங்களும் ஒருவர் பெயரிலேயே இருக்கின்றன. வடமொழிப் பள்ளி எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டது. பெண்களுக்குக் கன்னியா குருகுலம் ஏற்பட்டது.

இதன் அருமையை உணர, ஆசிரமம் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன் தமிழகத்தில் நடந்ததை நினைத்தால் போதும். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் எழுப்பிய கிளர்ச்சி காங்கிரசையே பிளந்தது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் பெரியாரின் 'குடி அரசு' இதழ் தொடங்கியிருந்தது, நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். தேசியக் கல்வி தந்த குருகுலத்தில் உடைந்துபோன பந்தி, வேதாந்தம் கற்பித்த ஆசிரமத்தில் சேர்ந்தது என்பது எதிர்பாராத திருப்பம்.

எனினும் அந்தச் சமத்துவத்துக்கு ஒரு விலை இருந்தது. ஏர்பேட்டின் வழியில் எல்லோரும் உள்ளே வரலாம். ஆனால் வருவோர் வடமொழி, மரக்கறி உணவு, ஜபம், புலனடக்கம் என்ற பழைய உயர்சாதி ஒழுக்கத்தையே தமதாக்கிக்கொள்ள வேண்டும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய, பெரியாரின் சுயமரியாதை இயக்க மாநாட்டார், அந்த வித்தையே நமக்கு எதற்கு என்று கேட்கக்கூடியவர்கள். 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்ட அம்பேத்கர், சாஸ்திரத்துக்கு நல்ல பொருள் கூறிச் சாதியை அகற்ற முடியாது, சாஸ்திரத்தின் புனிதத்தையே தகர்க்க வேண்டும் என்றார். இக்கேள்விகளுக்கு ஏர்பேட்டிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஆயினும் சூத்திரர் எனப்பட்ட உழவர் குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் உபநிடதத்தைக் கையில் எடுத்த அனுபவத்தை வெறும் போலச்செய்தல் என்று தள்ளுவது நேர்மையாகாது. எதை நிராகரிப்பது என்று முடிவு செய்வதற்கும் அதைப் படிக்கும் உரிமை முதலில் வேண்டும்.

மலையாள சுவாமி 1962-இல் மறைந்தார். அவருடைய சீடர்களுள் ஒருவரான வித்யாபிரகாசானந்தகிரி காளத்தியில் சுகபிரம்மாசிரமத்தை நிறுவி, 'கீதா மகரந்தம்' என்ற உரையால் கீதையைத் தெலுங்கு வீடுகளுக்குள் கொண்டு சென்றார். வேதம் ஓதும் அதிகாரம் பற்றிய வழக்கு இவ்வாறு ஆசிரமங்களுக்குள் தளர்ந்தபோது, கருவறைக்குள் நின்று பூசை செய்யும் அதிகாரம் பற்றிய வழக்கு தமிழகத்தில் சட்டமன்றத்தை எட்டியது. அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கிய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1972-இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட வேண்டும் என்று கூறி, பிறப்பின் கேள்வியை ஆகமத்தின் பெயரில் திறந்தே வைத்தது. பயிற்சி பெற்ற எல்லாச் சாதி அர்ச்சகர்களுக்கு நியமன ஆணைகள் வழங்கப்பட்டது 2021 ஆகஸ்டில்தான். அதன் பிறகும் வழக்குகள் தொடர்ந்தன.