ஊதாதையும் தம்பி! (ஒரு பிரேக் டிஸ்க் கதை)

போன ஞாயித்துக்கிழமை இல்ஃபோர்ட்ல அதிசயமா வெயில். தீசிஸ் எழுத உட்கார்ந்தவனை, கூடத் தங்கியிருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா வாசல்லேர்ந்து கூப்பிட்டார். அவரோட பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு முன்சக்கர பிரேக் டிஸ்க் மாத்தணுமாம். ரெண்டே சீட்டு உள்ள குட்டி ஸ்போர்ட்ஸ் கார். நாமளும் சென்னை பாடியில வளர்ந்தவன்தானே, நட்டு போல்ட்டுக்கெல்லாம் பயப்படுவோமா? :-)

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழட்டி, கேலிப்பரை எடுத்து, ஹோஸ் இழுபடாம கம்பியால கட்டித் தொங்கவிட்டாச்சு. துருப்பிடிச்ச டிஸ்க் மட்டும் அசையவே இல்லை. சுத்தியால நாலு தட்டு தட்டினதும் வந்துச்சு. பின்னாடி கறுப்பா மாவு மாதிரி தூசி. ஊர்ல மெக்கானிக்குங்க செய்யறதைப் பார்த்த பழக்கத்துல, குனிஞ்சு வாயால ஊதப் போனேன்.

"ஊதாதையும் தம்பி!"

அண்ணா போட்ட சத்தத்துல எதிர் வீட்டுப் பூனை ஓடியே போச்சு. பிரேக் கிளீனரை அடிச்சு, ஈரத்துணியால ஒத்தி எடுத்தார். "முந்தி இதுக்குள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்ப இல்லையெண்டாலும் தூசு தூசுதான்" என்றார். அந்த ஒரு வரிதான் என்னை லைப்ரரிக்குத் துரத்தியது.

டிஸ்க் பிரேக் ஏதோ சமீபத்து சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். லண்டன் லூயிஷம்ல பிறந்த ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். சக்கரத்தோட சுத்தற ஒரு தட்டு, அதை ரெண்டு பக்கமும் கவ்வற இடுக்கி. இன்னிக்கும் தத்துவம் அதேதான். ஆனா கவ்வற பட்டைக்கு என்ன பொருள் போடறது? அவர் செம்பு போட்டார். உலோகமும் உலோகமும் உரசி, காது கிழியற சத்தம். மண்ரோட்டுத் தூசியில சீக்கிரமே தேஞ்சும் போச்சு.

பிரேக்கோட வேலை ஓட்டத்தைச் சூடா மாத்தறது. ஒரு டன் எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்துலேர்ந்து நிக்கும்போது பிறக்கற சூட்டுல ஒரு லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வெச்சுடலாம். அதைத் தாங்கணும், வழுக்கக் கூடாது, கத்தவும் கூடாது. டெர்பிஷைர்ல 1897-ல ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கின ஹெர்பர்ட் ஃப்ரூட், பல பொருள்களைப் பார்த்துட்டு ஆஸ்பெஸ்டாஸுக்கு வந்து சேர்ந்தார். உலகமே அவர் பின்னாடி போச்சு.

டிஸ்க் ஜெயிக்கத்தான் அரை நூற்றாண்டு ஆச்சு. மூடின டிரம்முக்குள்ள சூடு தங்கிடும், பிரேக் சோர்ந்துடும். டிஸ்க்குக்குக் காத்து படும். 1953 லே மான் 24 மணி நேரப் பந்தயத்துல டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப்பை ஓட்டி டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஜெயிச்சாங்க. மத்தவங்க பிரேக் மிதிச்ச பிறகும் இவங்க வேகம் குறைக்காம வளைவு வரைக்கும் போக முடிஞ்சது. நிக்கத் தெரிஞ்சவனாலதான் வேகமாப் போக முடியும்! 1962-ல டி.வி.எஸ்-ஸும் இங்கிலாந்தோட லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொடங்கினாங்க. எங்க பாடியிலதான் அதோட தொழிற்சாலை.

இதோட நிறுத்தியிருந்தா சந்தோஷமான கதை.

ராக்டேல்ல ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924-ல 33 வயசுல இறந்தார். நுரையீரல்ல அந்தத் துகள். டாக்டர் குக் அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதிட்டார். நான் இருக்கற இல்ஃபோர்ட்டுக்குப் பக்கத்து ஊர் பார்க்கிங். அங்க 1913 முதல் 1968 வரை கேப் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை ஓடியது. லண்டன் பகுதியில மீசோதீலியோமா புற்றுநோய் வந்தவங்களைப் பத்தி 1965-ல நியூஹவுஸும் தாம்ப்சனும் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. ஆலைக்குள்ளயே போகாதவங்களும் அதுல இருந்தாங்க. சிலர் வீட்டுக்காரரோட வேலைத்துணியைத் துவைச்ச பெண்கள். சிலர் ஆலைக்கு அரை மைலுக்குள்ள குடியிருந்தவங்க, அவ்வளவுதான்.

பிரிட்டன் முழுசாத் தடை போட்டது 1999-ல. குக் எழுதி 75 வருஷம் கழிச்சு! வண்டியை நிறுத்தற பொருளைக் கண்டுபிடிச்ச வேகத்துல, அந்தப் பொருளை நிறுத்த யாருக்கும் மனசு வரலை. இந்தியாவுல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத் தடை இல்லை.

சாயங்காலம் புது டிஸ்க் மாட்டி, மேல இருந்த எண்ணெயைத் துடைச்சு, வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு இறுக்கம் வந்ததைப் பார்த்துட்டு, ஒரு ரவுண்டு போய் வந்தோம். சத்தமே இல்லை.

ராத்திரி பாடிக்குப் போன் போட்டேன். எங்க தெரு மெக்கானிக் அண்ணன், முப்பது வருஷமா டிரம்மை வாயால ஊதினவர். "அண்ணே, இனிமே ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க" என்றேன்.

சிரிச்சார். "இத்தனை வருஷம் ஊதியாச்சேப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, பையன்கிட்ட சொல்லி வைக்கறேன்."

உங்க தெருவுலயும் ஒரு மெக்கானிக் இருப்பார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க மக்களே.